கூட யார் வந்திருக்கிறது?

1984 டிசம்பர் 24 அன்று ஆண்டிபட்டித் தொகுதி மக்கள் ஊரில் இல்லாத ஒருவருக்கு ஓட்டுப் போட்டார்கள். எம்.ஜி.ஆர். அப்போது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். பிரசாரத்துக்கு ஒருநாள்கூட வரவில்லை, ஜெயித்தார். அந்த வெற்றியைப் பற்றி அரசியல்காரர்கள் இன்றும் சலிக்காமல் பேசுகிறார்கள். அவருக்குப் பொருத்தப்பட்ட சிறுநீரகம் அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி கொடுத்தது என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். ஒரு மாநிலத்தின் முதலமைச்சர், எந்த நாட்டு மருத்துவரையும் வரவழைக்கக் கூடியவர். அவருக்கும் கடைசியில் வீட்டுப் பெண் ஒருத்தி அறுவை மேசையில் படுக்கவேண்டியிருந்தது. ஆண்டிபட்டிக்குச் சிறிது தூரத்தில் இருக்கும் தேனி அல்லிநகரத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு ரத்தம் ஊறவில்லை, எலும்பு மஜ்ஜை வேலை செய்யவில்லை என்று தெரியவந்தால், அந்த வீட்டுக்கும் இதே நிலைதான். மருந்து கடையில் கிடைக்கும். மற்றதெல்லாம் உறவிலிருந்து வரவேண்டும். ரத்தம், மஜ்ஜை, ராத்தூக்கம், சமையல், கூலியிழப்பு எல்லாம். மருத்துவமனை வாசலில் முதலில் கேட்கப்படும் கேள்வியே ‘கூட யார் வந்திருக்கிறது?’ என்பதுதான். அப்படிக் கூட வரும் ஆளை நாம் பாசத்தின் பெயரால் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அது ஒரு வேலை; அதற்கு வகுக்கப்பட்ட கடமைகள் உண்டு, வளர்ந்துவந்த வரலாறும் உண்டு; சம்பளமும் பதிவேடும்தான் கிடையாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் வேலை என்னவென்று பார்க்கலாம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்) மூன்றையும் உண்டாக்குகிறது. அது வற்றிப்போவதை ஏபிளாஸ்டிக் அனீமியா என்பார்கள். 1888-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை முதலில் விவரித்தார். மேற்கு நாடுகளைவிட ஆசியாவில் இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். தறிகெட்ட அணுக்கள் மஜ்ஜையை நிறைத்துக்கொள்வது ரத்தப் புற்றுநோய். எதுவானாலும் கூட இருப்பவரின் நாள் ஒன்றுபோலத்தான் ஓடும். கையில் ஒரு நோட்டு இருக்கும். அன்றைய ஹீமோகுளோபின், வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் அதில் ஏறும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. சைக்ளோஸ்போரின் மாத்திரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் தவறாமல். தண்ணீர் கொதித்து ஆறவேண்டும். இட்லி சட்டியிலிருந்து சுடச்சுடத் தட்டுக்கு வரவேண்டும். பச்சைத் தேங்காய்ச் சட்னியும் பச்சைக் கொத்தமல்லியும் ஆகாது. தோல் தடித்த பழம் என்றால் கழுவி உரித்துக் கொடுக்கலாம், திராட்சை வேண்டாம். திராட்சை விளைவிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களிடம் அதை வேண்டாம் என்பது கொஞ்சம் வேடிக்கையான கட்டளைதான். பார்க்க வரும் சித்தி தலையில் மல்லிகை இருந்தால் வெளியிலேயே எடுத்து வைத்துவிட்டு வரவேண்டும். பூவும் இலையும் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். பல் துலக்கும்போது ரத்தம் வந்ததா, மலம் கறுத்ததா, தோலில் சிவப்புப் புள்ளி புதிதாக ஏதாவது உண்டா என்று கவனிப்பதும் இவர் பொறுப்பு. இத்தனையும் படித்த ஒரு செவிலியர் செய்தால் உத்தியோகம். அக்காவோ அம்மாவோ செய்தால் கடமை.

இந்தக் கடமை நேற்று மேல்நாட்டு மருத்துவம் வந்து திணித்தது என்று நினைத்தால் அது பிழை. பெரியம்மை ஒழியும்வரை, அதற்குப் பிறகு சின்னம்மைக்கும், இந்த வட்டாரத்தில் கறாரான ஒரு பராமரிப்பு முறை இருந்தது. முத்துப் போட்டிருக்கிறது என்று தெரிந்ததும் நிலைப்படியில் வேப்பங்கொத்து சொருகுவார்கள். வீட்டில் தாளிப்புக் கிடையாது, அசைவம் கிடையாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. பார்த்துக்கொள்பவர் ஒருவர்தான், அவர் குளித்துச் சுத்தமாக இருந்து, கூழும் இளநீரும் கொடுத்து, வேப்பிலையால் வருடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒற்றைப்படை நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு அந்தக் காலம் முடியும். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் சித்திரையில் அக்கினிச்சட்டி எடுக்கிறவர்களில் தமக்காக எடுப்பவர்களோடு பிள்ளைக்காக, புருஷனுக்காக, தம்பிக்காக எடுப்பவர்களும் உண்டு. ஒருவர் நோவை இன்னொருவர் உடம்பில் ஏற்றுக்கொள்ளலாம் என்பது இங்கே பழைய நம்பிக்கை. இதில் ஒரு மறுப்பு எழும்: அம்மை வீட்டு விலக்கு மூடநம்பிக்கை, அம்மனுக்குப் பயந்து செய்தது, மஜ்ஜை மாற்று அறையின் விலக்கு அறிவியல், இரண்டையும் ஒப்பிடலாமா? காரணம் வேறு என்பது உண்மை. திசைகூட வேறு: அங்கே நோயாளியிடமிருந்து ஊர் தப்பவேண்டும், இங்கே ஊரிடமிருந்து நோயாளி தப்பவேண்டும், அங்கே காப்பாக இருந்த வேப்பிலை இங்கே ஆகாத பொருள். ஒழுங்கு மட்டும் ஒன்றுதான். ஒரு வீடு தன் அடுப்பையும் வாசலையும் பல நாளைக்கு ஒரு நோயாளியைச் சுற்றி மாற்றியமைத்துக்கொள்ளும், அதற்கென்று ஒரு ஆளை, பெரும்பாலும் ஒரு பெண்ணை, ஒதுக்கிவிடும் என்ற பழக்கம் இங்கே தயாராக இருந்தது. பின்னாளில் வந்த மருத்துவம் அந்தத் தயார்நிலையின் மீதுதான் கட்டப்பட்டது.

மருத்துவமனைகள் அதை எப்படி எடுத்துக்கொண்டன என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1946-இல் வந்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருக்கிறார் என்று எழுதியது. மதுரையில் எர்ஸ்கின் என்ற கவர்னர் பெயரில் எழுந்து, பிறகு ராஜாஜி பெயரைத் தாங்கிய பெரியாஸ்பத்திரிதான் தேனி, போடி, கம்பம், கூடலூர்க்காரர்களுக்கெல்லாம் கடைசி வாசல். தேனி தனி மாவட்டமானது 1996-இல், க.விலக்கில் மருத்துவக் கல்லூரி வந்தது 2000-க்குப் பிறகு. அதுவரை தேனியிலிருந்தே சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர் தாண்டி மதுரைக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே வார்டில் செவிலியர் எண்ணிக்கை எப்போதும் படுக்கை எண்ணிக்கைக்கு எட்டாது. மீதியை யார் செய்தார்கள்? கஞ்சி வாங்கி வந்தவர், பெட்பேன் எடுத்தவர், பாட்டில் தீர்ந்துவிட்டது என்று ஓடிப்போய்ச் சொன்னவர், ரத்தப் பரிசோதனைக் குழாயை லேபுக்குத் தூக்கிக்கொண்டு போனவர், ராத்திரி கட்டிலுக்கடியில் பாயை விரித்தவர். அரசுக்கு இது மிச்சம். எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படாத மிச்சம். உறவினர்களைத் தொந்தரவாகவும் கூட்டமாகவும் பார்க்கிற மருத்துவமனை, அவர்கள் ஒருநாள் வராமல் இருந்தால் நடக்காது. இந்த முரண் இன்றும் தீரவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ் என்று கட்டுப்படுத்தும் அதே வார்டில், கூட ஆள் இல்லாத நோயாளியைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்கள்.

இந்த இடத்தில் வலுவான ஓர் எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. குடும்பம் கூட இருப்பதுதான் நம் பலம், அதைக் குறையாகப் பேசுவது மேல்நாட்டுப் பார்வை என்பார்கள். அதற்குத் தமிழ்நாட்டிலேயே உலகம் ஒப்புக்கொண்ட சான்று இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பகுதியினருக்கு அவரவர் நெரிசலான வீட்டிலேயே மாத்திரை கொடுத்தும் ஒரு வருடம் பார்த்தது. சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் மேல். வீட்டிலோ வேலை, பசி, ஒரே அறை. ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். அடுத்து வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் 1950-களின் இறுதியிலேயே, நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் தங்கவேண்டும் என்ற முறையில் நடந்தது. ஆக, குடும்பம் பலம் என்பதை மறுக்கவேண்டியதில்லை. கேட்கவேண்டியது வேறு. அந்தக் காசநோய் ஆய்வில் நோயாளிகள் எண்ணப்பட்டார்கள், மாத்திரைகள் எண்ணப்பட்டன, சளிச் சோதனைகள் எண்ணப்பட்டன. ஒரே அறை வீட்டில் ஒரு வருடம் சமைத்து, துவைத்து, மாத்திரையை ஞாபகப்படுத்திய மனைவியின் உழைப்பை அளக்கும் கோல் எதுவும் அப்போது யார் கையிலும் இல்லை. வீட்டுச் சிகிச்சை செலவு குறைவு என்று அன்று கண்டது, செலவின் ஒரு பகுதி இன்னொருவர் தோளுக்கு மாறியதையும் சேர்த்துத்தான். பலமான தூண் என்று புகழ்வதோடு நின்றுவிட்டால், அது எவ்வளவு கனம் தாங்குகிறது என்பதை யாரும் அளக்கப் போவதில்லை.

கூட இருந்தவர்கள் வரலாற்றில் பெயரில்லாமல் போனாலும், அந்த அனுபவம் பெரிய காரியங்களுக்கு வித்தாக இருந்திருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1923-இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மருத்துவராக இருந்தும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லாத மரணம் அது. அந்த வேதனையை அவர் முப்பது வருடம் விடாமல் சுமந்ததன் விளைவுதான் 1954-இல் அடையாறில் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை. தென் தமிழ்நாட்டிலிருந்து ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியவர்களுக்குப் பல காலம் அதுவே விலாசம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் கதையும் இப்படித்தான். அவருடைய சகோதரர்களை ஸ்புரூ என்ற குடல்நோய் கொண்டுபோனது. ரத்தம் ஊறாமல் உடம்பு வெளுத்துப்போகும் நோய் அது. பின்னாளில் அமெரிக்காவில் லெடர்லே நிறுவனத்தில் அவர் குழு செயற்கையாக ஃபோலிக் அமிலம் தயாரித்தது. ஸ்புரூவுக்கு மருந்து கிடைத்தது. அந்த அமிலத்தை எதிர்த்து வேலை செய்யும் பொருள்களையும் அதே குழு உருவாக்கியது. அவற்றில் ஒன்றை வைத்துத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1947-48-இல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலில் கொஞ்ச காலத்துக்காவது அடக்கிக் காட்டினார். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் மஜ்ஜை மாற்று வார்டுகளில் கையாளப்படுகிறது. இங்கிலாந்தில் ஷெர்லி நோலன் என்ற தாய், மஜ்ஜை கிடைக்காத தன் மகன் ஆன்டனிக்காக 1974-இல் தொடங்கியதுதான் உலகின் முதல் மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு. அந்த மகனுக்குப் பொருத்தம் கிடைக்கவே இல்லை. இந்த மருத்துவத்தின் பெரிய திருப்பங்கள் பலவற்றின் பின்னால், நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஒருவர் இருக்கிறார்.

இந்தியாவில் மஜ்ஜை மாற்று 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அது 1986-இல் வேலூர் சி.எம்.சி.யில், மம்மன் சாண்டியின் முன்னெடுப்பில், ஒரு தலசீமியா நோயாளிக்குச் செய்யப்பட்டது. அதுவரை கூட இருப்பவரின் உழைப்பைக் கேட்ட மருத்துவம், இதோடு உடம்பையும் கேட்க ஆரம்பித்தது. பொருத்தம் பார்ப்பது ஆறாவது குரோமோசோமில் இருக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்களை வைத்து. அப்பனிடமிருந்து ஒரு பாதி, ஆத்தாளிடமிருந்து ஒரு பாதி. ஆகவே கூடப் பிறந்த ஒருவர் முழுப் பொருத்தமாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. நாலு பேர் கூடப் பிறந்திருந்தால் அவர்களில் ஒருவராவது பொருந்த ஏறத்தாழ 68 சதவீதம். ஒரே ஒரு தங்கைதான் என்றால் 25. இங்கேதான் தமிழ்நாட்டின் பெருமைக்குரிய சாதனை ஒன்று நோயாளிக்கு எதிராகத் திரும்புகிறது. இரண்டு பிள்ளை போதும் என்று அரசு சுவரெங்கும் எழுதியதை நம் தாய்மார்கள் பல மாநிலங்களைவிட முன்னதாகக் கடைப்பிடித்தார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எண்பதுகளில் பெரிய குடும்பங்களை நம்பித் தொடங்கிய ஒரு சிகிச்சை, அடுத்த தலைமுறையில் அண்ணன் தம்பி அக்காள் தங்கை இல்லாத வீடுகளைச் சந்தித்தது. சென்னையில் 2009-இல் தாத்ரி என்ற கொடையாளர் பதிவேடு தொடங்கப்பட்டதும், பெற்றோரின் பாதிப் பொருத்தத்தை வைத்தே செய்யும் புதிய முறை பரவியதும் இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான். பாதிப் பொருத்தம் போதுமென்று ஆனதும் பாரம் இன்னும் நெருங்கிவந்தது: பெற்ற தாயோ தகப்பனோ, பெரும்பாலும் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் அதே ஆள், கொடையாளராகவும் ஆகிறார். தன் இடுப்பெலும்பில் ஊசி குத்திய வலியோடு அவர் மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கவேண்டும்.

ஒரு பிள்ளைக்கு மஜ்ஜை நோய் என்று கேட்டவுடன் நகரத்துப் படித்தவர்கள் சொல்வது: ‘சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டால் இப்படித்தான்.’ அதில் பாதி உண்மை. தமிழ்நாட்டில் நெருங்கிய உறவில் நடக்கும் திருமணம் இந்தியாவிலேயே அதிகம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 28 சதவீதம் என்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்தில் 1949 முதல் தங்கி ஆய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன், அத்தை மகன், மாமன் மகள் உரிமையும் தாய்மாமன் சீரும் எப்படி ஒரு சமூகத்தின் முதுகெலும்பாக இருக்கின்றன என்று ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அப்பாவிடமும் அம்மாவிடமும் ஒரே பழுதான மரபணு ஒளிந்திருந்தால் தலசீமியா, ஃபேன்கோனி அனீமியா போன்ற ரத்த, மஜ்ஜை நோய்கள் பிள்ளைக்கு வர வாய்ப்புக் கூடும். தன் பெயரால் அறியப்படும் அந்த நோயை ஃபேன்கோனி என்ற மருத்துவர் 1927-இல் முதலில் விவரித்தபோதே ஒரே வீட்டில் மூன்று சகோதரர்களிடம்தான் கண்டார். ஆனால் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. ஏபிளாஸ்டிக் அனீமியாவில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவதல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மஜ்ஜையையே தாக்குவதால் வருவது. ஒரு காலத்தில் டைபாய்டுக்குக் கைகண்ட மருந்தாக இருந்த குளோரம்ஃபெனிகால்கூடச் சிலருக்கு இதைக் கொண்டுவந்தது. 1950-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தும், நம் ஊர்களில் அது வெகுகாலம் புழங்கியது. இன்னொன்று: உறவுக்குள் கட்டிய வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எச்.எல்.ஏ. வரிசையே பொதுவாக இருக்கக்கூடும். அப்போது பெற்றவர்களில் ஒருவரோ, மாமன் பிள்ளையோ முழுப் பொருத்தமாக அமைந்துவிடுவது உண்டு. நோயைக் கொண்டுவந்த அதே வழக்கம் சில வீடுகளில் மருந்தையும் கொண்டுவந்தது. பழிசொல்ல அவசரப்படுபவர்கள் இதையும் கணக்கில் வைக்கவேண்டும். இரத்த உறவில் கட்டியதற்காகத் தாயைக் குற்றவாளியாக்கிவிட்டு, மஜ்ஜையும் அவளிடமே கேட்பது நியாயமில்லை.

தாயைப் பற்றிப் பேசும்போது ஒரு தேதி உறுத்துகிறது. வேலூரில் மஜ்ஜை மாற்று தொடங்கிய அதே 1986-இல், ஜூன் மாதம், ‘இந்தியா டுடே’ இதழ் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. ஒரு மாநிலத்தின் ஒரு மூலையில் தங்கையின் மஜ்ஜை அண்ணனைக் காப்பாற்றும் என்று தெரியவந்த வருடத்தில், இன்னொரு மூலையில் தங்கைகள் பிறந்ததும் கள்ளிப்பாலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. காலம் மாறியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கூட இருப்பதும் கொடுப்பதும் பெண்ணின் பங்கு, யாருக்கு நிலத்தை விற்று வைத்தியம் பார்ப்பது என்ற முடிவு ஆணின் பங்கு என்ற பிரிவினை, அம்மை வீட்டுக் காலத்திலிருந்து பெரிதாக அசைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

ரத்தத்துக்கு வருவோம். மஜ்ஜை நோயாளிக்குச் சிவப்பணு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றவேண்டியிருக்கும். தட்டணு வாரத்தில் பலமுறை. தட்டணுப் பையைப் பார்த்தால் ரத்தம் என்றே தோன்றாது. வெளுத்த மஞ்சளாக, எலுமிச்சைச் சாறு கலக்கியதுபோல இருக்கும். ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது, அறைச் சூட்டில் ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்கவேண்டும், ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே சேமித்துவைப்பது என்ற பேச்சே இல்லை, ஆளைத்தான் சேமித்துவைக்கவேண்டும். ஒரு காலத்தில் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றி இருந்தார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரியிலிருந்து அந்தத் தொழில் தடைசெய்யப்பட்டது. எய்ட்ஸ் பயம் இருந்த காலம், தடை தேவைதான். அதன்பிறகு ஆள் பிடிக்கும் வேலை முழுக்கக் கூட இருப்பவர் தலையில் விழுந்தது. கல்லூரி மாணவர்கள், கட்சி வாலிபர் சங்கங்கள், ரசிகர் மன்றங்கள் என்று அவர் கதவு தட்டினார். நடிகர் பிறந்தநாளுக்குப் பாலாபிஷேகம் செய்வதைக் கிண்டல் செய்பவர்கள், அதே பையன்கள் ராத்திரி பதினொரு மணிக்கு மதுரைக்குப் பைக்கில் போய் யாரென்று தெரியாத ஒருவருக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவதை எழுதுவதில்லை. உறவைத் தாண்டிய கூட்டம் ஒன்று இங்கே உண்டு என்பதற்கு அது சான்று. அரசின் ஏற்பாட்டில் உள்ள ஓட்டையை அது ஓசையில்லாமல் அடைத்துவந்திருக்கிறது.

பணத்துக்கு இப்படி ஒரு கூட்டம் வாய்க்கவில்லை. அதில்தான் இந்தப் பகுதியின் பழைய ஏற்பாடு கைவிடுகிறது. மதுரை, தேனி வட்டாரத்தில் செய்முறை என்பது வங்கிக்கு இணையான கடன் முறை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை எதுவானாலும் மொய் நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். வாங்கியவர் திருப்பிச் செய்தாகவேண்டும். செய்யாவிட்டால் தெருவில் பேச்சு வரும். சாவுக்கும் கோடித்துணி, நீர்மாலை, முறைப்படி செய்வது எல்லாம் உண்டு. நடுவில் ஒருவர் இரண்டு வருடம் படுத்துக்கிடந்தால் அதற்கு ஒரு சடங்கும் கிடையாது, ஆகவே மொய்யும் கிடையாது. பார்க்க வருபவர்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கி வருவார்கள், போகும்போது தலையணைக்கடியில் ஐந்நூறு வைப்பார்கள். அது கருணை, கணக்கு இல்லை, திரும்பத் திரும்ப எதிர்பார்க்கவும் முடியாது. மங்கலத்துக்கும் மரணத்துக்கும் கடன் கொடுக்கக் கற்றுக்கொண்ட ஊர், நெடுநோய்க்கு மட்டும் அந்த நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கவில்லை. அரசு அந்த இடத்துக்கு வந்தது உண்மை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மஜ்ஜை மாற்று அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதனால் பிழைத்தவர்கள் பலர், அதைச் சின்னதாக்கிப் பேசக்கூடாது. ஆனால் காப்பீடு பணம் கட்டுவது மருத்துவமனைக்கு. விடிகாலை ஜீப்பில் கம்பம்மெட்டோ போடிமெட்டோ ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் ஒரு பெண், மஜ்ஜை மாற்று முடிந்து சுமார் நூறு நாள் மருத்துவமனைப் பக்கத்திலேயே அறையெடுத்துத் தங்கவேண்டும். வேலூர் காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வங்காளிகளும் நம்மவர்களும் வாடகை அடுப்பில் சமைத்துக்கொண்டு தங்கியிருப்பது இதற்காகத்தான். அந்த நூறு நாள் கூலியும் அறை வாடகையும் எந்தப் படிவத்திலும் வருவதில்லை.

தூரமும் அப்படியே. ரயில்வே 2012 பட்ஜெட்டில் ஏபிளாஸ்டிக் அனீமியா நோயாளிகளுக்கு அரைக்கட்டணச் சலுகை அறிவித்தது. புற்றுநோயாளிக்கான சலுகையிலோ துணைக்கு வருபவருக்கும் பங்கு உண்டு. கூட வருபவரை அரசுக் காகிதம் ஒரு ஆளாக மதித்த அபூர்வமான இடம் அது. தேனிக்காரர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை பல காலம் ஏட்டுச் சுரைக்காயாக இருந்தது. 1928-இல் போட்ட மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். பதினோரு வருடத்துக்கு மேல், எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பை நெரிசல் பஸ்ஸில் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ கூட்டிப்போய்த்தான் ரயிலேற்றவேண்டியிருந்தது. 2023 ஜூனில் சென்னை ரயில் போடிவரை நீண்டது. அது காட்பாடி வழியாக, வாரம் மூன்று நாள் போகிறது. வேலூருக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டிய குடும்பத்துக்கு அது பெரிய உபகாரம். அதை எந்த மருத்துவத் திட்டமும் தரவில்லை, ரயில்வே கால அட்டவணை தற்செயலாகத் தந்தது.

கடைசியாக, இதையெல்லாம் கணக்குப் பார்ப்பது பாசத்துக்கு விலைபோடுவது ஆகாதா என்று கேட்பவர்களுக்கு. விலை ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. அதைக் கட்டுவது யார் என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. 1994-இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம், உறுப்பு கொடுக்கத் தகுந்த நெருங்கிய உறவு யார் யார் என்று பட்டியல் போட்டது. அதில் அண்ணன் மகள் இல்லை, தாய்மாமனும் இல்லை, அவர்கள் கொடுக்க ஒரு குழுவின் அனுமதி வேண்டும். திரும்ப வளராத பாகமே உறுப்பு என்பது அந்தச் சட்டத்தின் அன்றைய வரையறை. மஜ்ஜை வளர்ந்துவிடும், ஆகவே வெளியே நின்றது. எடுப்பதற்குத் தடை குறைவாக இருந்தது, கொடுத்தவருக்குக் காவலும் குறைவாக இருந்தது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒரு படி மேலே போனது. சம்பளம் வாங்கியோ வாங்காமலோ ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோரும் உறவினரும் பராமரிப்பாளர்தான் என்று அது எழுதிவைத்தது. மிகுந்த உதவி தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி பற்றியும் பேசியது. அதே சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ரத்தக் கோளாறுகள் மூன்று உண்டு: ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல். ஏபிளாஸ்டிக் அனீமியா இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், நம் ஜீப்புகள் தினமும் ஏறிப்போகும் இடுக்கி மாவட்டத்தையும் சேர்த்து, கேரள அரசு ஆசுவாசகிரணம் என்ற திட்டத்தில் படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. தொகை ஒரு நாள் தோட்டக் கூலிக்கே சரியாக இருக்கும், அதுவும் நேரத்துக்கு வருவதில்லை என்று அங்கே குறை சொல்கிறார்கள். இருந்தாலும் அந்தப் பதிவேட்டில் கூட இருப்பவரின் பெயர் எழுதப்படுகிறது, கையெழுத்து வாங்கப்படுகிறது.